வளைவில் போட்ட மரம்

ஆற்றிலிருந்து மரத்தை எடுப்பதைத்தான் அந்த ஊர் பார்த்திருக்கிறது. ஆற்றில் மரத்தைப் போடுவதை அந்த வருஷம்தான் பார்த்தது.

அதுவும் சுள்ளியும் கட்டையும் இல்லை. வேரடியோடு பெயர்த்த முழு மரங்கள். லாரியில் ஒன்றிரண்டுக்கு மேல் ஏறாது. வேர்ப்பகுதி ஆள் உயரத்துக்கு விரிந்து நிற்க, அதில் காய்ந்த மண் கட்டிகட்டியாகத் தொங்கும். கடைத்தெருவில் லாரி திரும்பும்போதெல்லாம் வேர்முனை ஏதாவது ஒரு பெயர்ப்பலகையைக் கீறிவிட்டுப் போகும். முந்தைய தலைமுறையில் இதே அரசாங்கம்தான் ஆள் வைத்து, ஆற்றில் கிடந்த கட்டைகளையெல்லாம் இழுத்து வெளியே போட்டது. வெள்ளம் தங்காமல் ஓடிவிடும் என்று அப்போது சொன்னார்கள். இப்போது தண்ணீர் கொஞ்சம் தங்கிப் போகட்டும் என்கிறார்கள்.

"எடுத்ததும் அவங்கதான், போடறதும் அவங்கதான். நடுவுல யாருக்கோ காரியம் நடக்குது" என்றார் சலூன்காரர்.

"மரத்துக்கு அடியில எதையோ வெச்சுப் புதைக்கிறாங்கய்யா. இல்லன்னா கரையில எதுக்கு அத்தனை ஆழம் தோண்டணும்?" என்றார் அவரிடம் தலையைக் கொடுத்திருந்தவர்.

திட்டத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த பெண்மணி ஆராய்ச்சி நிலையத்துக்காரர். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு, அளவுகோலை ஊன்றி ஆற்றின் நடுவில் நிற்பார். நாடி பிடிப்பது மாதிரி இருக்கும். ஊரில் அவருக்கு 'ஆத்து டாக்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு அவர் விளக்கினார். மரம் கிடந்தால் தண்ணீர் அதில் முட்டி நிதானப்படும், பின்னால் பள்ளம் விழும், மீன் தங்கும், சரளை சேரும், அரித்துப்போன ஆறு பழையபடி மேடும் மடுவுமாகும் என்றார்.

"வெள்ளம் வந்தா மரம் எங்க போகும்?" என்று ஒருவர் கேட்டார்.

"போகாதுன்னு நினைக்கிறோம். நிச்சயமாத் தெரியாது. அதைப் பாக்கத்தான் ஒவ்வொரு மரத்துலயும் நம்பர் போட்ட தகடு அடிச்சு வெக்கிறோம்."

"எவ்வளவு காலம் தாங்கும்?"

"அதுவும் சரியாத் தெரியாதுங்க. இந்த மாதிரி ஆத்துல யாரும் நீண்ட நாள் பாத்ததில்ல."

கூட்டம் கலைந்து வெளியே வந்ததும் சிரிப்பு அடங்கவில்லை. தெரியாது என்று சொல்வதற்குக்கூடச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். சிலர் சிரிக்கவில்லை. தெரிந்தும் சொல்ல மறுக்கிறார் என்பது அவர்கள் கட்சி.

அந்த மரங்களைத் தூக்கி வைக்கிற பொக்லைன் இயந்திரத்தை ஓட்டியவர் உள்ளூர்க்காரர். மிஷின்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆற்றின் இந்தக் கரையில் அவர் வீடு. அந்தக் கரையில், வளைவுக்கு நேர் எதிரே, அவர் மச்சானின் கோழிப்பண்ணை. மிஷின்காரரின் மனைவி தினமும் காலையில் நடைபாலத்தைத் தாண்டிப் போய்த் தம்பியின் பண்ணையில் முட்டை பிரிப்பாள். கீறல் விட்டது, ஓடு மெலிந்தது, இரட்டைக் கரு என்று விளக்கின் முன் பிடித்துப் பார்த்து, அட்டையில் அடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அந்த வேலை பழக்கம். பண்ணை அப்போது அப்பாவுடையது.

அப்பா போன பிறகு நிலமும் பண்ணையும் தம்பி பேருக்குப் போயின. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவளாகத்தான் போட்டாள். ஆனால் மிஷின்காரருக்கு அதில் வருத்தம் உண்டு. எதையாவது குத்திச் சொல்லும்போது, "நீதான் தாராள மனசுக்காரி ஆச்சே" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவர் வாயிலிருந்து எதுவுமே சுலபத்தில் வராது.

கடைசி மரத்தை வளைவில் போட்ட அன்று காலையிலிருந்தே தூறல். மேலே எங்கோ சாலை அடைபட்டு ஆத்து டாக்டரால் வர முடியவில்லை. முந்தின நாளே குழி வெட்டி, இடமும் குறித்து வைத்திருந்ததால், போட்டு முடித்துவிடச் சொல்லிப் போன் வந்தது. மிஷின்காரர் சாயங்காலம் நனைந்து வந்தார். பூட்ஸைக் கழற்றி வாசலில் கவிழ்த்தார். தட்டில் வைத்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாரே தவிர, வாய்க்குப் போனது கொஞ்சம்தான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"ம். போட்டாச்சு."

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"மழையில நனைஞ்சா முகம் எப்படி இருக்கும்?"

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரை தொட்டு, கலங்கி, உறுமிக்கொண்டு போனது. நடைபாலத்தைக் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்து, கயிற்றை அவிழ்த்த அன்று அவள் பண்ணைக்குப் போனபோது, தம்பி கொட்டகையின் பின்பக்கம் இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தான். கொட்டகைக்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அகலமான இடம் அப்படியே காணாமல் போயிருந்தது. கரை செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்றது. கடைசித் தூணுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம்தான் மிச்சம். உள்ளே கோழிகள் மறுபக்கமாக ஒதுங்கிக் கிடந்தன.

"பாத்தியா அக்கா?" என்றான். "இத்தனை வருஷத்துல இந்தக் கரையில ஒரு கூடை மண்ணு போனதில்ல. எதிர்க்கரையில மரத்தைப் போட்டதும் போகுதுன்னா என்ன அர்த்தம்?"

"வெள்ளம் பெருசுடா."

"வெள்ளம் எனக்கு மட்டும்தான் பெருசா? உங்க பக்கம் பாரு, மணல் ஏறிக் கிடக்கு. மாமாவுக்குப் புதுசா நிலம் வந்திருக்கு."

அவள் பார்த்தாள். எதிரே அவள் வீட்டுக் கரையில், மரத்தைத் தாண்டிக் கீழ்ப்பக்கம், புது மணல் மேடு ஒன்று ஈரத்தில் மின்னிக்கொண்டு கிடந்தது.

"என்னடா பேசறே?"

"நான் ஒண்ணும் பேசல. ஊர்ல பேசறாங்க. உனக்குப் பங்கு குடுக்கலைன்னு அவருக்கு எம்மேல கடுப்பு இருக்குன்னு யாருக்குத் தெரியாது? கேட்டுப் பாரு."

அன்று அவள் பிரித்த முட்டையில் கீறலை யார் கண்டது. கை தானாக எடுத்தது, அடுக்கியது. திரும்பும்போது நடைபாலத்தின் நடுவில் நின்று வளைவைப் பார்த்தாள். மற்ற மரங்களெல்லாம் கரையை அணைத்த மாதிரி, வேரைத் தண்ணீர் வரும் பக்கம் காட்டிக்கொண்டு கிடந்தன. கடைசி மரம் மட்டும் கையை நீட்டி வழிமறிப்பது போல ஆற்றுக்குள் குறுக்கே வந்திருந்தது. தண்ணீர் அதன் வேரில் மோதி, திரும்பி, நேராகத் தம்பியின் கரைக்குப் போனது.

அதன் பிறகு அவள் கணவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டு அல்ல. குளித்துவிட்டு வருவது, சட்டைப் பையைத் தடவுவது, ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்ப்பது எல்லாவற்றிலும் ஏதோ இருப்பது போலப் பட்டது. மச்சான் கரை போனதைப் பற்றி அவராக ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. சந்தேகத்துக்கு அதுவே தீனி. அவள் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"அந்தக் கடைசி மரம் மத்த மரம் மாதிரி இல்லையே."

"எல்லா மரமும் ஒரே மாதிரியா இருக்கும்?"

"ரொம்ப வெளிய வந்து கிடக்கு."

"கிடக்கும்."

"தம்பி கொட்டகை எந்த நேரம் விழும்னு இருக்கு."

அவர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த முட்டையை அவள் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். அது பாசமா, குற்றம் செய்தவனின் உபசாரமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஆளின் கையைப் பார்த்து இப்படி யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு கசந்தது. முட்டையை அவள் தொடவில்லை.

கடைத்தெருவில் பேச்சு முற்றிவிட்டது. அவள் நுழைந்தால் சலூன் வாசலில் பேச்சு நின்றது. மளிகைக்காரர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் கைவேலை சுத்தம்மா. வெச்ச இடத்துல தண்ணி வேலை செய்யுது" என்றார். பாராட்டு மாதிரியே சொன்னார்.

தண்ணீர் தெளிந்ததும் ஆத்து டாக்டர் வந்தார். அவள் பண்ணைக்குப் போகிற நேரம். வளைவில் அவரும் மிஷின்காரரும் நிற்பதைப் பார்த்துப் பாலத்தின் முனையிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் பேச்சு அங்கே காதில் விழுந்தது. ஆத்து டாக்டர் கடைசி மரத்தின் மேல் ஏறி, வேர் வரை நடந்து போய், கோலை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"குறிச்ச இடம் இது இல்லையே" என்றார். "வெள்ளத்துல திரும்பிடுச்சா, இல்ல வெக்கும்போதே இப்படித்தானா?"

மிஷின்காரர் ஆற்றைப் பார்த்தார். "வெள்ளம் பெருசு மேடம். திருப்பியிருக்கும்."

"அடிமரம் கரைக்குள்ள அவ்வளவு ஆழத்துல புதைஞ்சிருக்கே."

"தண்ணிக்கு முன்னாடி என்ன நிக்கும்?"

ஆத்து டாக்டர் குனிந்து, புதைத்த இடத்தில் கையால் மண்ணைத் தோண்டினார். "மேல எல்லாம் வண்டல் மூடியிருக்கு. பழைய மண் கலைஞ்சுதா இல்லையான்னு சொல்ல முடியல." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "இது திரும்பிச்சுன்னா மத்ததும் திரும்பும். ஒண்ணு பிச்சுக்கிட்டுப் போனா கீழ நடைபாலம் இருக்கு, ஆளுங்க நடக்கிற பாலம். எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொல்லித்தான் எழுதணும். இங்க மட்டுமில்ல, இதே மாதிரி வெக்க இருக்கிற மத்த ஆறுகள்லயும் நிறுத்தச் சொல்லணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க வெச்சப்போ எப்படி இருந்துச்சு?"

"குறிச்ச இடத்துலதான் வெச்சேன்" என்றார் மிஷின்காரர்.

பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். சொல்லும்போது குரல் மரியாதையாக மாறிவிடும்.

கால்கள் எப்படி அக்கரைக்குப் போயின என்று தெரியாது. பண்ணையில் தம்பி இல்லை. தம்பி மனைவி கடைசி அறையிலிருந்த கோழிகளை இரண்டிரண்டாகக் காலைப் பிடித்துத் தூக்கி முன்பக்கம் மாற்றிக்கொண்டிருந்தாள். இவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட நின்றாள். இறகும் தூசும் பறந்தன. கொஞ்ச நேரம் இருவரும் வேலையை மட்டும் பார்த்தார்கள்.

"அவர்தான் பண்ணியிருக்காரு" என்றாள் இவள் கடைசியில். "என் வீட்டுக்காரர்தான். இன்னிக்கு என் காதாலேயே கேட்டேன், பொய் சொல்றாரு. உங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு தெரியல."

தம்பி மனைவி கையிலிருந்த கோழிகளைக் கீழே விட்டாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணன் மேல மட்டும் பழி போடாதீங்க."

"ஏன்?"

"கடைசி மரம் போட்ட அன்னிக்கு மழையில நனைஞ்சது அவர் மட்டும் இல்ல."

"புரியிற மாதிரி சொல்லு."

"இவரும்தான் நனைஞ்சு வந்தாரு, முழங்கால் வரைக்கும் சேறு. எங்க போனீங்கன்னு கேட்டேன். மாமாவைப் பாக்கப் போனேன்னாரு. கோடையில நம்ம பம்புக் குழாய் தண்ணி எட்டாம காத்து வாங்குது இல்ல, இனிமே காயாது, மாமாகிட்ட சொல்லித் தண்ணிய இந்தப் பக்கம் ஒதுக்க வெச்சுட்டேன்னு சிரிச்சாரு." அவள் குரல் தாழ்ந்தது. "ஆறு கரையோட சேத்து எடுத்துக்கும்னு நினைக்கல. இப்ப வெளிய தெரிஞ்சா திட்டத்துல கை வெச்சதுக்குக் கேஸ் ஆகும், நஷ்டஈடும் வராதுன்னு பயம். அதான் முந்திக்கிட்டு மாமா மாமான்னு கத்துறாரு. கத்தாம இருங்கன்னு சொன்னா என் மேல பாயறாரு. நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி."

இவளுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று புரியவில்லை. கோழிக்கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்சமிருந்த கோழிகளையும் மாற்றி முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டில் மிஷின்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

"தம்பி கேட்டுத்தான் மரத்தைத் திருப்பிப் போட்டீங்களா?"

எண்ணெய்த் துணி பூட்ஸின் மேல் நின்றது. "யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? ஆமாவா இல்லையா?"

"கொஞ்சம்தான் கேட்டான். ஒரு கை அகலம் வெளிய தள்ளுங்க மாமான்னு. மழையில நின்னு கெஞ்சினான். கோடையில நீயும்தானே அங்க குடம் குடமா தண்ணி சுமக்கிறே. சரின்னு தள்ளினேன். ஈரத்துல மரம் வழுக்கி அதிகமாவே போயிடுச்சு. திருப்பி இழுத்திருக்கலாம். இருட்டிக்கிட்டு வந்துச்சு. இதனால என்ன ஆயிடப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன் தம்பியக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். அவன் வேற, அக்காவுக்குத் தெரிய வேண்டாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

"அவன் ஊர் பூரா உங்களைத் திட்டிக்கிட்டுத் திரியறான். ஊரே உங்களைத் தப்பாப் பாக்குது."

"பாக்கட்டும்."

"நானும் பாத்தேன்."

அவர் நிமிர்ந்தார். "தெரியும். பாத்துக்கிட்டே இருந்தே. ஒரு நாள்கூட நேராக் கேக்கலையே. இன்னிக்குக் கேட்டே, சொல்லிட்டேன்."

கேட்டிருந்தால் ஆமாம் என்று வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் கேட்காமல் இருந்தோம் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மறு பூட்ஸை எடுத்துத் தடவ ஆரம்பித்தார்.

"அந்தம்மா எல்லா மரத்தையும் எடுக்கச் சொல்லி எழுதப் போறாங்க" என்றாள். "வேற ஊருலயும் நிறுத்தப் போறாங்களாம். வெள்ளம் செய்யாததை வெள்ளம் செஞ்சுதுன்னு நம்பி."

"என்கிட்டதானே சொன்னாங்க."

"சும்மா இருக்கப் போறீங்களா?"

"உன் தம்பியாச்சே" என்றார். அதில் குத்தல் இல்லை. களைப்புதான் இருந்தது.

மறுநாள் ஆத்து டாக்டர் கரை இழந்தவர்களைச் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். தம்பியின் கொட்டகைப் பக்கம் ஒரு கூட்டமே வந்துவிட்டது. சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தம்பி, வெட்டுப்பட்ட கரையைக் காட்டிக் காட்டிப் பேசினான். மிஷின்காரர் எல்லோருக்கும் பின்னால், வேலியில் சாய்ந்து நின்றார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"என்னத்தை அக்கா?"

"பம்புக் குழாய் விஷயம்."

"அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுக்குள்ள பேச வேண்டியதை நீ கடைத்தெருவுல பேசிட்டே. இதையும் இங்கயே பேசிடு."

தம்பி தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ கோழி ஒன்று கேறியது. ஆத்து டாக்டர் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நான்தான் கேட்டேன்" என்றான் தம்பி. "மரத்தைக் கொஞ்சம் வெளிய தள்ளச் சொல்லி நான்தான் மாமாகிட்ட கேட்டேன். பம்புக்குத் தண்ணி வரணும்னு."

பின்னாலிருந்து மிஷின்காரர், "தள்ளினது நான். வெள்ளம் அதைத் திருப்பல மேடம். வெச்ச இடத்துலதான் கிடக்கு" என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று ஒருவர் சொன்னார். இதிலும் ஏதோ உள்வேலை இருக்கும் என்றார் சலூன்காரர். நடந்தது இவ்வளவுதான் என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு மனமில்லை.

ஆத்து டாக்டர் அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "நேத்து ராத்திரி பூரா இதையேதான் யோசிச்சேன்" என்றார். "எங்க கணக்குப் போட்டதுல தப்புன்னு. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லியிருப்பேன். அதைப் படிச்சுட்டு வேற எங்கயோ இருக்கிறவங்க அவங்க ஆத்துல இருந்தும் எடுத்திருப்பாங்க." பிறகு மிஷின்காரரைப் பார்த்து, "நடந்ததை நடந்தபடி எழுதுவேன். உங்க பேருக்கு நல்லதா இருக்காது" என்றார்.

"எழுதுங்க" என்றார் அவர்.

"அந்த மரத்தை இப்பவே எடுத்துடுங்கம்மா" என்றான் தம்பி.

"எடுத்தா ஆறு அடுத்து எந்தப் பக்கம் போகும்னு எனக்குத் தெரியாது. ஏற்கெனவே அது ஒரு வழி பண்ணிக்கிச்சு. உங்க கரை அடியில வேரோட ரெண்டு மரம் புதைச்சா அரிப்பு நிக்கலாம். நிக்கும்னு சொல்ல மாட்டேன். நிக்கலாம். அதுக்குள்ள கொட்டகையோட கடைசி அறையைப் பிரிச்சிடுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தம்பி மனைவி மட்டும், "நிக்கலைன்னா?" என்று கேட்டாள். "நானும் வந்து நிப்பேன், சேந்து பாப்போம்" என்றார் ஆத்து டாக்டர்.

மிஷின்காரரை இயந்திரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். இயந்திரத்தின் முதலாளி வெளியூரிலிருந்து வேறு ஒருவரைக் கொண்டுவந்தார். இவருக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை. மரத்துக்குச் சங்கிலியை மாட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அது இறங்கியதும் கழற்றி, கையசைத்து, எட்டி விலக வேண்டும். ஓட்டுநர் கூண்டில் உட்கார்ந்தே பழகிய மனிதர். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கிறது என்றார். கேட்டால் சொல்லிவிடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தம்பியும் மாமாவும் பேசிக்கொள்ளவில்லை. கடைசி அறையின் கூரைத் தகடுகளை அவன் தனியாகவே பிரித்தான். அவளிடம் மட்டும் பேசினான், அதுவும் வேலைக்கு வேண்டிய அளவு.

அவன் கரையடியில் மரம் இறக்குகிற அன்று, இயந்திரம் இந்தக் கரையில் நின்று கையை நீட்டியிருந்தது. வேரோடு ஒரு மரம் ஆற்றுக்கு மேல் தொங்கியது. மிஷின்காரர் ஆற்றின் நடுவைத் தாண்டி, தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆளுக்கொரு பொட்டலம் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு, இயந்திரத்திலிருந்து எட்டி, இந்தக் கரையில் வந்து நின்றாள். அவளுக்கு நேராக எதிர்க்கரையின் விளிம்பில் தம்பி நின்றான்.

"அக்கா" என்று கத்தினான். "நேத்து ராத்திரி இங்க மறுபடி மண்ணு சரிஞ்சிருக்கு. மாமாவை அந்த இடத்துல நிக்க வேண்டாம்னு சொல்லு. காலுக்கடியில ஒண்ணும் இல்ல."

அவள் மிஷின்காரரைப் பார்த்தாள். இயந்திரத்தின் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

"நீயே சொல்லு" என்றாள். "ஆறு ஒண்ணும் அவ்வளவு அகலம் இல்ல."

அவன் அங்கேயே நின்றான். பிறகு வாயைக் கைகளால் குவித்துக்கொண்டு, "மாமா" என்று கூப்பிட்டான். ஒரு தடவையில் கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான்.

மிஷின்காரர் திரும்பினார். மச்சானைப் பார்த்தார். மேலே தொங்கும் மரத்தைப் பார்த்தார். கையை உயர்த்தி ஓட்டுநருக்குச் சைகை காட்டினார். இயந்திரம் நின்றது. திடீரென்று ஆற்றின் சத்தம் மட்டும் இருந்தது.

"என்னடா?" என்றார்.